பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: கடலூர், புதுச்சேரி வட்டாரத்தாருக்காக

அரசு மருத்துவமனை வார்டுகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான் இப்போது கடலூரில் வசிக்கிறேன். தெருவில் பார்த்தாலும் கல்யாண வீட்டில் பார்த்தாலும் "சிஸ்டர், ஒரு சந்தேகம்" என்று தொடங்குகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாக இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட விதமாகவே எழுதி, கீழே விடையளித்திருக்கிறேன். எந்த நோய்க்கு எந்த மருந்து என்பது இதில் இல்லை. கூட்டம் மிகுந்த மருத்துவமனையில் ஒரு நாள் எப்படி நடக்கிறது, அது ஏன் அப்படி நடக்கிறது என்பது மட்டுமே உண்டு. அது தெரிந்தவருக்குப் பயம் குறைகிறது. டாக்டர் தரும் சில நிமிடங்களும் வீணாவதில்லை.

எல்லாத்துக்கும் நேரா ஜிப்மருக்கே போயிடலாமா?

வேண்டாம். ஜிப்மர் என்பது புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள மத்திய அரசின் பெரிய மருத்துவமனை. சளி, காய்ச்சல், புண்ணுக்குக் கட்டு, மாதாமாதம் வாங்கும் சுகர், பிரஷர் மாத்திரை ஆகியவற்றுக்கு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமே போதும். பிரசவம், எலும்பு முறிவு, குடலிறக்கம் போன்றவற்றைக் கடலூர் மஞ்சக்குப்பத்து அரசு தலைமை மருத்துவமனையே பார்க்கும். புதுச்சேரிக்காரர்களுக்கு ராஜ்நிவாஸ் பக்கத்தில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையும், எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும், கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. கண் சிகிச்சைக்கு இரண்டு ஊருக்கும் நடுவே தவளக்குப்பத்தில் அரவிந்த் மருத்துவமனை இருக்கிறது. தெற்கே சிதம்பரத்திலும் மேற்கே முண்டியம்பாக்கத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

ஜிப்மரின் வேர் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் இருக்கிறது. 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் இன்றைய பெயரைப் பெற்று, 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. மற்ற இடங்களில் பார்க்க முடியாத கடினமான நோய்களுக்காகவும், உயர்படிப்புக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் ஏற்பட்ட இடம் அது. அங்கே சளிக்காக ஒருவர் வரிசையில் நிற்கும்போது, பண்ருட்டிக்கு அப்பாலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்த ஒருவர் அவருக்குப் பின்னால் நிற்கிறார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். உள்ளூர் டாக்டர் எழுதிய பரிந்துரைக் கடிதத்தோடு போனால் எந்தத் துறை என்று தேடி அலைய வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு இது எதுவும் பொருந்தாது. அப்போது 108க்குப் பேசி, அவர்கள் கொண்டுபோகும் இடத்துக்குப் போவதே சரி.

காலையில எத்தனை மணிக்கு வரணும்? என்னென்ன எடுத்துட்டு வரணும்?

ஓ.பி. எனப்படும் புறநோயாளிப் பிரிவுக்குச் சீட்டு போடும் கவுன்டர் முற்பகலிலேயே மூடிவிடும். பிற்பகலில் அதே டாக்டர்கள் வார்டிலோ ஆபரேஷன் தியேட்டரிலோ வகுப்பிலோ இருப்பார்கள். கடலூர்ப் பேருந்து புதுச்சேரி நிலையத்தோடு நின்றுவிடுவதால், திண்டிவனம் சாலையில் உள்ள கோரிமேடு போய்ச் சேர இன்னொரு பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துப் புறப்படுங்கள். ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம் என்பதால் அதன் விடுமுறை நாட்கள் நம் மாநில அரசு விடுமுறைகளோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. பண்டிகை நாட்களை ஒட்டிப் போவதாக இருந்தால் முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை, பழைய ஓ.பி. சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, லேப் ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி ஒரே ஃபைலில் அடுக்கி, புதியது மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். தற்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் நினைவில் இல்லையென்றால் அட்டைகளையே எடுத்து வாருங்கள். "வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை" என்றால் எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது.

சுகர் நோயாளிகளுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை என்று சொல்லியிருந்தால் ஒழிய, சாப்பிடாமல் வராதீர்கள். விடியற்காலையில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு பேருந்தேறி, பத்து மணி வரிசையில் வியர்த்துக் கைகால் நடுங்கிச் சரிகிறவர்களை ஓ.பி.யில் அடிக்கடி பார்க்கலாம். வெறும் வயிற்றுப் பரிசோதனை இருந்தால் இரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்ட பிறகே மாத்திரையைப் போடலாமா என்று முந்தைய முறையே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். பையில் கொஞ்சம் சர்க்கரையோ நாலு பிஸ்கட்டோ எப்போதும் இருக்கட்டும்.

மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் ரெண்டு நிமிஷந்தான் பார்த்தார். அதுல அவருக்கு என்ன தெரியும்?

இந்தக் கேள்வியில் உள்ள வருத்தம் நியாயமானது. காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை நான்கு டாக்டர்கள் இருநூறு பேரைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. அதிலும் ஒரு பகுதி சீட்டில் எழுதுவதற்கே போய்விடும். இது டாக்டரின் அலட்சியத்தால் வருவதன்று. ஆட்களுக்கும் கூட்டத்துக்கும் உள்ள இடைவெளியால் வருவது. ஆனாலும் அந்த நேரத்தில் அவர் பார்ப்பது நாம் நினைப்பதைவிட அதிகம். நீங்கள் நடந்து வரும்போதே மூச்சு வாங்குகிறதா, கால் வீங்கியிருக்கிறதா, கண் வெளுத்திருக்கிறதா என்று கவனிக்கத் தொடங்கிவிடுகிறார்.

நீங்கள் செய்யக்கூடியது, சொல்ல வேண்டியதை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைப்பதுதான். உங்களை இங்கே கொண்டுவந்த தொந்தரவை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எத்தனை நாளாக இருக்கிறது, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, ஏற்கெனவே என்ன மருந்து சாப்பிட்டீர்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, முன்பு ஆபரேஷன் நடந்ததா என்பவை அடுத்து வர வேண்டும். "சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி" என்று சொன்னாலும் பரவாயில்லை, காலம் தெரிய வேண்டும். நாட்டு மருந்து, குடிப்பழக்கம், கருத்தரித்திருக்கும் வாய்ப்பு ஆகியவற்றை மறைக்கவே கூடாது. பக்கத்தில் ஆட்கள் நிற்பதால் சொல்லக் கூச்சமாக இருந்தால், "தனியாகச் சொல்ல வேண்டும்" என்று கேட்கலாம். பெண் நோயாளியை ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை.

போன தடவை பார்த்த டாக்டர் இந்தத் தடவை இல்ல. ஒவ்வொரு தடவையும் வேற ஆள் பார்த்தா எப்படிங்க?

பெரிய மருத்துவமனைகளில் ஒவ்வொரு துறையும் சில யூனிட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் குறிப்பிட்ட ஓ.பி. நாட்கள் உண்டு, மற்ற நாட்களில் ஆபரேஷனும் வார்டு வேலையும் இருக்கும். உங்கள் சீட்டில் யூனிட் எண்ணோ தலைமை டாக்டரின் பெயரோ எழுதப்பட்டிருக்கும். அந்த யூனிட்டின் நாளில் வந்தால் உங்களை அறிந்த குழுவே பார்க்கும். அவர்கள் திங்களன்று வரச் சொல்லியிருக்க, வசதிக்காகப் புதன்கிழமை வந்தால் உங்களைப் பற்றி எதுவும் தெரியாத யூனிட்டின் முன் போய் உட்கார்கிறீர்கள்.

ஒரே யூனிட்டிலும் இளம் டாக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எனவே உங்கள் நினைவும் டாக்டரின் நினைவும் போதாது. முன்னே சொன்ன ஃபைல்தான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செய்தியைக் கொண்டுபோகிறது. அதைத் தொலைத்துவிட்டு வருகிறவர் ஒவ்வொரு முறையும் புது நோயாளியாகவே தொடங்க வேண்டியிருக்கிறது.

வார்டுல சின்னப் பசங்களா வந்து அதே கேள்வியைக் கேட்டுட்டுப் போறாங்க. உண்மையான டாக்டர் யாரு?

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நான்கு வகையினர் உங்கள் கட்டிலுக்கு வருவார்கள். எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கற்றுக்கொள்ள வருகிறவர்கள். நாலரை ஆண்டுப் படிப்பை முடித்துவிட்டு ஓராண்டுப் பயிற்சியில் இருப்பவர்கள் ஹவுஸ் சர்ஜன்கள். இரத்தம் எடுப்பது, கட்டுப் போடுவது, ரிப்போர்ட் வாங்கி வருவது பெரும்பாலும் இவர்கள் பொறுப்பு. அடுத்து எம்.டி., எம்.எஸ். மூன்றாண்டு உயர்படிப்பில் இருக்கும் பி.ஜி. டாக்டர்கள், இவர்கள் முழுத் தகுதி பெற்ற மருத்துவர்கள், இரவும் பகலும் வார்டை நடத்துகிறவர்கள். இவர்களுக்கு மேலே உதவிப் பேராசிரியர்களும் யூனிட் தலைவரும் இருப்பார்கள். காலை ரவுண்ட்ஸில் கூட்டமாக வரும்போது நடுவில் நின்று கேள்வி கேட்கிறவர்தான் பெரும்பாலும் தலைவர்.

அதே கேள்வியைப் பலரும் கேட்பது எரிச்சல் தரும் என்பது தெரியும். ஆனால் முதல்முறை சொல்ல மறந்த ஒன்றை மூன்றாம் முறை சொல்லி, அதனால் சிகிச்சையே மாறிய நோயாளிகளைப் பல வார்டுகளில் பார்த்திருக்கிறேன். மாணவர்கள் பரிசோதிப்பது மட்டும் வேண்டாம் என்று நினைத்தால் மறுக்கலாம். அதனால் உங்கள் சிகிச்சை குறையக் கூடாது.

டாக்டருக்குத் தமிழ் சரியா வரலை. நான் சொன்னது அவருக்குப் புரிஞ்சுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஜிப்மர் போன்ற தேசிய நிறுவனத்தில் நாடு முழுவதிலுமிருந்து தேர்வெழுதி வந்தவர்கள் இருக்கிறார்கள். கேரளம், ஆந்திரம், வட மாநிலங்களைச் சேர்ந்த டாக்டர்களும் செவிலியர்களும் உண்டு. சில மாதங்களில் பலர் வேலைக்குத் தேவையான தமிழைக் கற்றுவிடுகிறார்கள். புரியவில்லை என்று தோன்றினால் தலையாட்டிவிட்டு வந்துவிடாமல், தமிழ் தெரிந்த டாக்டரையோ சிஸ்டரையோ அழைக்கும்படி கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வலி எங்கே என்பதை வாயால் மட்டும் சொல்லாமல் ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். "மயக்கமா வருது" என்று மட்டும் சொன்னால் தலை சுற்றியதா, கண் இருண்டு கீழே விழுந்தீர்களா என்று தமிழ் தெரிந்த டாக்டரே இன்னொரு முறை கேட்க வேண்டியிருக்கும். நடந்ததை அப்படியே சொல்லுங்கள்: எழுந்து நின்றேன், கண் இருண்டது, விழுந்தேன், ஒரு நிமிடத்தில் தெளிந்தது. கடைசியில் மாத்திரை எப்போது, எத்தனை என்பதை நீங்களே திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு எழுந்திருங்கள்.

எங்களுக்குப் பின்னாடி வந்தவங்களை முன்னாடி உள்ளே கூட்டிட்டுப் போறாங்க. ஆள் பார்த்துச் செய்றாங்களா?

ஓ.பி.யில் அப்படி நடந்தால் கேட்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவில் வரிசை வந்த நேரத்தைப் பொறுத்ததன்று, ஆபத்தைப் பொறுத்தது. நுழைந்தவுடன் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு, நினைவு ஆகியவற்றைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் நிமிடங்கள் முக்கியம். பச்சை என்றால் காத்திருந்தாலும் உயிருக்குக் கேடில்லை. கை முறிந்து வலியில் கத்துகிறவர் காத்திருக்க, சத்தமே இல்லாமல் வந்த முதியவரை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினால் அவருக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். காத்திருக்கும்போது உங்கள் நோயாளிக்கு மூச்சுத் திணறலோ, புதிய வியர்வையோ, பேச்சுக் குளறலோ வந்தால் மட்டும் உடனே போய்ச் சொல்லுங்கள், நிறம் மாறக்கூடும்.

ராத்திரி நெஞ்சு வலிச்சா வாயுவா இருக்கும்னு விடியற வரைக்கும் பார்க்கலாமா?

கூடாது. சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்து விடியும்வரை காத்திருந்து வந்தவர்களால் இதய வார்டு நிறைந்திருக்கிறது. நடு நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சு வாங்கல் ஆகியவை இருந்தால் உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். சுகர் நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பும் வியர்வையுமாக மாரடைப்பு வரலாம். அதுபோலவே வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குளறுதல் தோன்றினால் அது பக்கவாதம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரமே உண்டு. அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். நோயாளி கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

பாம்பு கடிச்சு ஓடி வந்தா, மருந்து போடாம இரத்தத்தை எடுத்துட்டு உட்கார வைக்கிறாங்களே?

முந்திரித் தோப்பும் நெல் வயலும் நிறைந்த நம் பக்கத்தில் இது அடிக்கடி வரும் கேள்வி. கடித்த எல்லாப் பாம்பும் விஷப் பாம்பு அன்று. விஷப் பாம்பு கடித்தாலும் எல்லாக் கடியிலும் விஷம் ஏறுவதில்லை. விஷமுறிவு மருந்தைக் குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரிப்பதால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம். எனவே தேவைப்படுகிறவருக்கு மட்டுமே அதைப் போடுவார்கள்.

அதைக் கண்டறியும் சோதனை எளிமையானது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டு, பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் இரத்தத்தில் அந்த நேரம்வரை விஷத்தின் வேலை இல்லை. தண்ணீராக ஓடினால் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் வகை விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள், மருந்து தொடங்கிவிடும். அந்த 20 நிமிடமும் சும்மா போவதில்லை. கண் இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள், ஏனென்றால் நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குகின்றன. அத்தகைய அறிகுறி தெரிந்தால் குழாய்க்காகக் காத்திருக்க மாட்டார்கள். முதல் சோதனை நன்றாக வந்தாலும் ஒரு நாள் முழுக்க வைத்துக் கண்காணிப்பதற்குக் காரணம், விஷம் தாமதமாக வேலை செய்யக்கூடும் என்பதுதான்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்து என்பதால் பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை, 1978இல் தொடங்கிய, மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளிலிருந்து எடுத்துத் தருகிறார்கள். நம்மில் எத்தனையோ பேர் பிழைத்திருப்பதற்கு அவர்களுடைய உழைப்பும் ஒரு காரணம். கடிபட்ட இடத்துக்கு மேல் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கைகாலை அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல் கொண்டு வாருங்கள்.

விபத்துல அடிபட்டவரைக் கொண்டுபோனா போலீஸ் கேஸ் ஆகும், நமக்கு வம்புன்னு சொல்றாங்களே?

விபத்து, விஷம், தீக்காயம் போன்றவற்றை மருத்துவ-சட்ட வழக்காகப் பதிந்து, காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் வேலை. அதற்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. இது அரசு, தனியார் இரண்டுக்கும் பொருந்தும். அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவருக்குப் பாதுகாப்பாக, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். பெயர் சொல்ல விருப்பமில்லையென்றால் கட்டாயப்படுத்த முடியாது.

பணத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்தாக இருந்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வரம்புக்கு உட்பட்ட தொகையை அரசே ஏற்கிறது. நம் பக்கத்தில் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் இடையே எல்லை வளைந்து வளைந்து போவதால் விபத்து நடந்த இடத்தைச் சரியாகச் சொல்வது முக்கியம். பின்னால் இழப்பீடு கேட்க ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டின் நகல் தேவைப்படும். அதன் எண்ணைக் குறித்து வையுங்கள்.

இரத்தம் வேணும்னா சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வாங்கன்னு ஏன் சொல்றாங்க? அவங்க குரூப்பே வேற.

உங்கள் உறவினர் தரும் இரத்தத்தை உங்கள் நோயாளிக்கே ஏற்றப்போவதில்லை. இரத்த வங்கியின் இருப்பிலிருந்து எடுப்பதை ஈடுகட்டத்தான் கேட்கிறார்கள். அதனால் எந்தக் குரூப்பாக இருந்தாலும் சரி. பணத்துக்கு இரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே வாசலில் நின்று விலை பேசுகிறவர்களிடம் போகாதீர்கள்.

18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாத எடையும் 12.5க்குக் குறையாத ஹீமோகுளோபினும் உள்ளவர் தரலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. சிவப்பணுக்களைக் குளிரில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கலாம், தட்டணுக்கள் ஐந்து நாள் மட்டுமே தாங்கும். டெங்கு காலத்தில் திடீரென்று ஆள் தேடுவது அதனால்தான். நோயாளி இல்லாத நாளில் போய்க் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஆபரேஷன்னு காலையிலேருந்து பட்டினி போட்டுட்டு, சாயங்காலம் "நாளைக்குப் பார்க்கலாம்"னு சொல்றாங்க. இது நியாயமா?

நோயாளிக்கு இது வேதனைதான், மறுக்கவில்லை. பட்டினிக்குக் காரணம், மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து என்பது. பொதுவாகத் திட உணவுக்கு ஆறு மணி நேரமும் தெளிந்த தண்ணீருக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி வேண்டும். பட்டியலில் உங்கள் பெயர் பின்னால் இருந்தால், எதுவரை தண்ணீர் குடிக்கலாம் என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள். காரணமில்லாமல் நீளும் பட்டினி அதனால் குறையும்.

தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், முன்னால் நடந்த ஆபரேஷன் எதிர்பார்த்ததைவிட நீண்டதோ, சிசேரியனோ விபத்தோ நடுவில் வந்ததோதான். அவசரப் பிரிவின் சிவப்பு நிறத்தைப் பற்றி மேலே சொன்ன நியாயமே தியேட்டர் வாசலிலும் நடக்கிறது. இரத்த அழுத்தமோ சுகரோ அன்று காலை கூடியிருந்தாலும் நிறுத்துவார்கள். என்ன காரணம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

கையெழுத்து போட்டுட்டா, என்ன ஆனாலும் டாக்டர் மேல கேட்க முடியாதா?

ஒப்புதல் படிவத்தில் போடும் கையெழுத்தின் பொருள், என்ன சிகிச்சை, எதற்காக, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதிக்கிறேன் என்பதே. கவனக்குறைவை மன்னிக்கும் எழுத்து அன்று அது. ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த ஒப்புதலை வைத்துக்கொண்டு, உயிரைக் காக்க உடனடியாகத் தேவைப்பட்டால் ஒழிய, வேறொன்றைச் செய்துவிடக் கூடாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

நினைவு தெளிவாக உள்ள, 18 வயது நிறைந்த நோயாளியின் சம்மதம்தான் சம்மதம். மனைவியின் ஆபரேஷனுக்குக் கணவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நம் குடும்பங்களில் நினைப்பது தவறு. அந்தப் பெண்ணிடம் சொல்லி, அவர் கேட்பதற்குப் பதில் தந்து, அவர் கையால் வாங்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லலாம்.

ராத்திரி டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டா எரிஞ்சு விழுறாங்க. படிச்சவங்க இப்படி நடந்துக்கலாமா?

நடந்துகொள்ளக் கூடாது. அதேசமயம் அவருடைய நாளையும் தெரிந்துகொள்வது நல்லது. காலை எட்டு மணிக்கு ரவுண்ட்ஸ், பிறகு ஓ.பி. அல்லது தியேட்டர், மாலை மறுபடி ரவுண்ட்ஸ், இரவு முழுவதும் புதிய அட்மிஷன்கள், மறுநாள் காலை அவற்றைத் தலைவரிடம் ஒப்பித்துவிட்டு அன்றைய வேலை என்று அவர் நாள் போகிறது. பி.ஜி. டாக்டர்களுக்குத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேலும், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலும் பணி கூடாது என்று மத்திய அரசு 1992இலேயே உத்தரவிட்டது. நடைமுறையில் ஒருநாள் முழுவதும் தூங்காமல் நிற்கிறவர்களே அதிகம். இரவு மூன்று மணிக்குச் சுவரில் சாய்ந்து நின்றபடியே கேஸ் ஷீட் எழுதும் பிள்ளைகளைப் பார்த்தால் பெற்ற மனம் பதறும். இந்த உத்தரவு நடைமுறைக்கு வர வேண்டும் என்பது டாக்டர்களின் கோரிக்கையாக மட்டும் இருந்தால் போதாது, நோயாளிகளின் கோரிக்கையாகவும் ஆக வேண்டும்; தூங்காத கையால் ஊசி போட்டுக்கொள்வது நாம்தான்.

இரவில் அழைக்க வேண்டியிருந்தால் முதலில் வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். "என்னவோ மாதிரி இருக்கு" என்பதைவிட, "பத்து மணியிலிருந்து சிறுநீர் வரவில்லை", "கட்டு நனைந்து இரத்தம் வருகிறது" என்று சொன்னால் உடனே வருவார்கள். வராவிட்டால் மறுபடி போய்ச் சொல்ல வேண்டும், அதற்குக் கூச்சப்படாதீர்கள். தரக்குறைவாகப் பேசினால் பெயரையும் நேரத்தையும் குறித்துக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். கை ஓங்குவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதோடு அந்த இரவில் மற்ற நாற்பது பேருக்கும் டாக்டர் இல்லாமல் போகும்.

இன்னும் சரியாகலை, அதுக்குள்ள டிஸ்சார்ஜ் பண்றாங்க. நாங்களா போறோம்னா "எழுதிக் கொடுங்க"ங்கிறாங்க. எது சரி?

முழுக்கக் குணமாகும்வரை மருத்துவமனையிலேயே இருப்பது நல்லது என்ற எண்ணம் எப்போதும் சரியன்று. வார்டில் உள்ள கிருமிகள் சாதாரண மருந்துக்கு அடங்காதவையாக இருக்கலாம். மாத்திரையாகத் தொடரக்கூடிய நிலை வந்தவுடன் வீடே பாதுகாப்பு. போகுமுன் கேட்க வேண்டியவை: எந்த மருந்து எத்தனை நாள், தையல் எப்போது பிரிப்பது, என்ன ஆனால் உடனே திரும்பி வர வேண்டும், எந்த யூனிட் நாளில் வர வேண்டும்.

டாக்டர் இருக்கச் சொல்லியும் நீங்களே போவதானால், ஆபத்தை விளக்கினார்கள், அறிந்தே போகிறோம் என்று எழுதி வாங்குவார்கள். அதற்காக மறுபடி வந்தால் சேர்க்க மாட்டோம் என்று சொல்ல முடியாது. இப்படிப் போக நினைப்பவர்கள் வெளியே சொல்லாத காரணம் பெரும்பாலும் பணமாகவோ வீட்டில் விட்டுவந்த குழந்தையாகவோ இருக்கும். அதை டாக்டரிடமோ சமூகப் பணியாளரிடமோ சொன்னால் பல நேரம் வழி பிறக்கிறது. எப்படிப் போனாலும் டிஸ்சார்ஜ் சம்மரி வாங்குங்கள். கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும், உள்நோயாளி ஆவணங்களை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. பில் பாக்கிக்காக நோயாளியையோ இறந்தவர் உடலையோ பிடித்து வைப்பதை, 2018இல் வெளியான 17 உரிமைகள் கொண்ட நோயாளிகள் சாசனம் தவறென்கிறது.

காப்பீட்டு அட்டை இருந்தா எல்லாம் இலவசம்தானே?

அப்படியில்லை. தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் மட்டுமே பொருந்தும். ஓ.பி. மருந்துச் செலவு இதில் வராது. புதுச்சேரி தனி ஒன்றியப் பிரதேசம் என்பதால் அங்குள்ளவர்களுக்குத் திட்டங்கள் வேறு. அட்மிஷன் போட்ட அன்றே காப்பீட்டு கவுன்டரில் கேட்டு, முன் அனுமதி வாங்கிவிட்டுத்தான் திட்டமிட்ட ஆபரேஷனுக்குப் போக வேண்டும்.

அப்பாவுக்குப் புற்றுநோய்னு அவர்கிட்ட சொல்லாதீங்கன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கலாமா?

இதைக் கேட்காத பிள்ளைகளே இல்லை, அன்பினால் கேட்கிறார்கள். ஆனால் தன் நோயை அறியும் உரிமை நோயாளியுடையது. ஒப்புதல் பற்றிச் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: என்ன நோய் என்று தெரியாதவர் எதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுவார்? புற்றுநோய்ப் பிரிவு வாசலில் உட்கார வைத்துவிட்டு "சாதாரணக் கட்டி" என்றால் அவர் நம்புவதும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித் தெரிந்துகொண்டு, பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்து அவரும் மறைக்க, இருவரும் தனித்தனியே அழுவதை வார்டில் அடிக்கடி காணலாம்.

டாக்டரிடம் "சொல்லாதீர்கள்" என்பதற்குப் பதிலாக, "அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள், நாங்களும் கூட இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள். சிலர் "என் மகனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்" என்பார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவாகவே மதிக்கப்படும். ரவுண்ட்ஸ் கூட்டத்தில் வேண்டாம், ஓ.பி. முடிந்த பிறகு தனியாகப் பத்து நிமிடம் வேண்டும் என்று யூனிட் டாக்டரிடம் முதல்நாளே கேட்டால் பெரும்பாலும் ஒதுக்கித் தருவார்கள். வலி தணிப்பு சிகிச்சைப் பிரிவு உள்ள இடமாக இருந்தால் அங்குள்ளவர்களையும் அந்தப் பேச்சுக்கு அழைக்கச் சொல்லுங்கள். வலிக்கு மருந்து உண்டு என்பதை அப்பா அன்றே அவர்கள் வாயால் கேட்டுக்கொள்ளலாம்.